மேற்கோள் மொய்

"அனைத்துலக நரம்பியல் அறிஞர் பெருமக்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், அழைத்து வரும் ஓட்டுநர்களுக்கும் அன்பு வணக்கம். மானுட அறிவின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நன்னாளாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆடி இருபதாம் நாள், நண்பகல் வேளையில், கறம்பக்குடிச் சாலை நரம்பியல் வளாக விழா அரங்கில், முனைவர் கி. சுபாஷிணி அவர்களின் ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் மொய் விருந்து நடைபெற இருக்கிறது. மூளையின் முகவரி, மேற்கோள்களின் முடிசூடா மன்னர், பேராசிரியர் இரா. பரிதிவேந்தன் அவர்கள் தலைமையேற்றுப் பந்தியைத் தொடங்கி வைப்பார். கட்டுரை பதினான்கு பக்கம். ஆட்டுக்கறி உண்டு."

கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் எல்லோரும் படித்தார்கள். முதலாவது வருத்தம் தந்தது, இரண்டாவது அதை ஈடுகட்டியது.

அழைப்பிதழை எழுதியது வளாகத்தின் எழுத்துப்பொறி. "மானுட அறிவின் வரலாற்றில்" என்ற வரியை எடுத்துவிட முடியுமா என்று சுபாஷிணி கேட்டிருந்தார். அது எல்லா விருந்துக்கும் பொதுவான வரி, எடுத்தால் மற்றவர்கள் தவறாக நினைப்பார்கள் என்று பொறி பதில் சொல்லிவிட்டது. அந்த ஆடியில் மட்டும் மானுட அறிவின் வரலாற்றில் பொன்னெழுத்து வேலை வாரத்துக்கு மூன்று முறை நடந்துகொண்டிருந்தது.

ஒரு காலத்தில் கட்டுரைகளை இயந்திரங்கள் எழுதின, இயந்திரங்களே அவற்றை மேற்கோளும் காட்டின. காலையில் பிறந்த கட்டுரை மாலைக்குள் லட்சம் மேற்கோள் வாங்கிவிடும். ஒருமுறை யாரோ ஒருவரின் சலவைச் சீட்டு தவறுதலாகக் கட்டுரைக் களஞ்சியமான ஏடகத்தில் ஏறி, அந்த ஆண்டின் சிறந்த வேதியியல் கட்டுரையாகத் தேர்வாயிற்று. அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு மெய்வாசிப்புச் சட்டமும் அதை நடத்த ஓர் ஆணையமும் கொண்டுவந்தது. ஒரு கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டுமானால் மனிதர் ஒருவர் அதை முழுதாகப் படித்திருக்க வேண்டும். படித்ததற்குச் சாட்சி அவர் மூளை.

அதற்கென்று வந்ததுதான் வாசிப்புப் பட்டை. நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படிக்க வேண்டும். மூளையில் புரிதல் நிகழும்போது 'மெய்யலை' என்ற ஓர் அலை எழும், பட்டை பச்சையாக ஒளிரும். கடைசிப் பக்கம் வரை பச்சை நின்றால் ஒரு மேற்கோள். நடுவில் சிவப்பானால் ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் நூறு மெய்வாசிப்பு பெறாத கட்டுரை ஏடகத்திலிருந்து அழிக்கப்படும். அழிந்த கட்டுரையில் சொன்னதை வெளியில் சொல்வது 'ஆதாரமற்ற கூற்று' என்ற குற்றம். எழுதியவருக்கு ஆய்வுக்கூடமும் போய்விடும்.

மெய்யலையைக் கண்டுபிடித்தவர் பரிதிவேந்தன். ஆகவே பட்டையைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் அவரை மேற்கோள் காட்டியாக வேண்டும். உலகத்தில் அதிக மேற்கோள் பெற்ற நரம்பியல் கட்டுரை அவருடையது. அவருடைய தாக்க எண்ணை வளாகத்தின் வாசலில் மின்பலகையில் ஓடவிட்டிருந்தார்கள். பக்கத்தில் வெப்பநிலையும் ஓடும். புதிதாக வருபவர்கள் சில சமயம் இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வார்கள்.

மொய் விருந்து இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த வழக்கம்தான். அறிஞர்கள் அதைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள். என் கட்டுரையை வந்து படி, உன் கட்டுரையை வந்து படிக்கிறேன். வந்தவருக்குச் சோறு போடுவது முறை. சாப்பிட்டுவிட்டுப் படித்தால் பட்டை சட்டென்று பச்சையாகிறது என்பது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பசித்த வயிறோடு மனம் ஒருமுகப்படாது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். விளக்கம் சொல்வதற்குத்தானே நரம்பியல் இருக்கிறது.

சுபாஷிணி மட்டும் பிடிவாதமாக இருந்தார். மூன்று ஆண்டுகளாகத் தேநீரும் பன்னும் கொடுத்துத் தன் கட்டுரையைப் படிக்கச் சொன்னார். மொத்தம் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பட்டையும் சிவப்பு. ஆடி முடிந்தால் கெடு முடிகிறது. வேறு வழியில்லாமல் ஆடு வாங்கினார்.

பரிதிவேந்தன் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார். சமையல் பந்தலை ஒரு சுற்று பார்த்துவிட்டு, கைதேர்ந்த நடுவரைப் போலத் தலையாட்டினார்.

"என்னம்மா சுபாஷிணி, கடைசியில வழிக்கு வந்துட்டீங்க போல."

"வேற வழி இல்லை சார்."

"மூணு வருஷமா டீயும் பன்னும். அறிஞர்களை என்னன்னு நெனச்சீங்க, பஸ்ஸுக்கு நிக்கறவங்கன்னா?"

"சார், கட்டுரையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. என் பேரு பதினோரு எடத்துல வருது. ரொம்ப நன்றிம்மா."

"எதுக்காக வருதுன்னு..."

"எதுக்காக வந்தா என்ன? மேற்கோள்னா மேற்கோள். திட்டி மேற்கோள் காட்டினா அரை மார்க்குன்னு ஆணையம் சொல்லியிருக்கா?" அவர் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். "ஈரல் தனியா வறுக்கச் சொன்னீங்களா?"

சொல்லியிருந்தார்.

பதினோரு இடத்தில் அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் இருந்தது. பரிதிவேந்தனின் புகழ்பெற்ற சோதனையில் இரண்டு குழுக்கள். ஒரு குழு நல்ல கட்டுரையைப் படித்தது. இன்னொரு குழு அர்த்தமில்லாத எழுத்துகளைப் படித்தது. முதல் குழுவில் மட்டும் ஒரு புதிய அலை தென்பட்டது. அதுதான் புரிதலின் அலை என்று அவர் அறிவித்தார். ஆனால் முதல் குழுவுக்கு ஆள் கிடைக்காததால் இலவச மதியச் சாப்பாடு போட்டு, சாப்பிட்ட கையோடு உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாவது குழுவைக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், காலைச் சிற்றுண்டிக்கு நிதி ஒதுக்கப்படாததால். இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். பல லட்சம் முறை மேற்கோள் காட்டப்பட்ட அந்தக் கட்டுரையில் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தவர் சுபாஷிணி ஒருவர்தான். அதுவும் அன்று கேன்டீன் மூடியிருந்தது, அவர் பசியோடிருந்தார் என்பதால்.

பிறகு அவர் தன் சோதனையைச் செய்தார். தயிர்சாதம் கொடுத்துச் சிலரைச் சுவருக்கு எதிரே உட்கார வைத்தார். அவர்கள் சுவரை ஆழ்ந்து புரிந்துகொண்டதாகப் பட்டை சான்றளித்தது. மெய்யலை என்பது புரிதலின் அலை அல்ல, உண்ட மயக்கத்தின் அலை. இதுதான் கட்டுரையின் சாரம். உண்மையாகப் படிப்பவரின் பட்டை சிவப்பாகத்தான் இருக்கும் என்பது பதின்மூன்றாம் பக்கத்தில் வருகிறது.

இந்தக் கட்டுரை அழியாமல் இருக்க வேண்டுமானால் நூறு பேருக்குச் சோறு போட்டு, அவர்கள் இதைப் படிக்காமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சுபாஷிணிக்கு இது தெரியும். அதனால்தான் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டார்.

பந்தி முடிந்தது. வாசிப்புக் கூடத்தில் குளிர்சாதனம், சாய்வு நாற்காலி, எதிரே திரை. பக்கம் தானாகப் புரளும். ஆணையத்தின் அலுவலர் ஜெபஸ்டின் ஒவ்வொரு நெற்றியாகப் பட்டையைக் கட்டிக்கொண்டு போனார். இரண்டாம் பக்கம் வருவதற்குள் கூடம் முழுக்கப் பச்சை. வாய் லேசாகத் திறந்திருக்கும், கண் மூடாது. இதில் ஒரு பயிற்சி இருக்கிறது. கண் மூடிவிட்டால் பட்டை உறக்கம் என்று கணக்கிடும். மூத்த பேராசிரியர்கள் கண்ணைத் திறந்தபடியே பல மணி நேரம் தாங்குவார்கள். அதனால்தான் அவர்கள் மூத்த பேராசிரியர்கள்.

ஏழாவது வரிசையில் ஒரே ஒரு சிவப்பு.

சுபாஷிணி பதறிப்போய் ஓடினார். அங்கே ஜெசிமா உட்கார்ந்திருந்தார். காரைக்காலில் புள்ளியியல் பேராசிரியர், கல்லூரி விடுதியில் சுபாஷிணியின் அறைத்தோழி. நோன்பு மாதம். பிரியாணியின் பக்கமே போகாமல் நேராக நாற்காலிக்கு வந்திருந்தார்.

"என்ன சார், எனக்கு மட்டும் செவப்பு?" என்று ஜெசிமா அலுவலரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க படிக்கல மேடம்."

"ரெண்டு தடவை படிச்சேன்."

"படிக்கலன்னு பட்டை சொல்லுதே."

"எதைப் பத்தின கட்டுரைன்னு கேளுங்க, சொல்றேன்."

"அப்படிக் கேக்க விதியில எடமில்ல மேடம்." ஜெபஸ்டின் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அங்கே சேலத்துப் பேராசிரியர் ஒருவர் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தார். தாடையில் ஒரு சோற்றுப் பருக்கை. "சாரைப் பாருங்க. எவ்வளவு ஈடுபாடு."

ஜெசிமா பட்டையைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். சுபாஷிணியைத் தூணோரமாக இழுத்துப் போனார்.

"ஏன்டி சுபா, மூணாவது அட்டவணையில தயிர்சாதக் குழுவுல பொம்பளைங்களே இல்லையே, ஏன்?"

அந்தக் கட்டுரையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இருந்தாங்கடி. சாப்பிட்டதும் எலை எடுக்கவும் பாத்திரம் கழுவவும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. உக்காந்தாத்தானே மயக்கம் வரும்?"

"அதையும் எழுதியிருக்கலாம்ல. அதுவே பெரிய கண்டுபிடிப்பு." ஜெசிமா கூடத்தைப் பார்த்தார். "அடி அல்லா. நீ எழுதினதுக்கு இவங்கதான்டி நிரூபணம். எந்திரிச்சு நின்னு சொல்லிடு."

"சொன்னா?"

"ஒண்ணு உன்னைத் தொரத்துவாங்க, இல்ல ஒத்துக்குவாங்க. வேற என்ன பண்ணிடுவாங்க?"

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. இருவருக்கும் அது அப்போது தோன்றவில்லை.

நன்றியுரையில் சுபாஷிணி ஒலிவாங்கியைப் பிடித்துச் சுற்றிவளைக்காமல் சொன்னார். "நீங்க யாரும் இந்தக் கட்டுரையைப் படிக்கலை. படிச்சிருந்தா உங்க பட்டை செவப்பாயிருக்கும். நம்ம பட்டை அளக்கறது புரிதலை இல்லை, சாப்பாட்டை. இதைத்தான் நான் எழுதியிருக்கேன். தயவுசெஞ்சு வீட்டுக்குப் போயி, பசிக்கும்போது ஒருதடவை படிங்க."

முதல் வரிசையில் பரிதிவேந்தன் மெல்ல எழுந்தார்.

"தன்னடக்கம்!" என்றார் தழுதழுத்த குரலில். "தன் எழுத்தை ஒருத்தரும் படிக்கலைன்னு சபையில சொல்ற தன்னடக்கம் இன்னைக்கு யாருக்கு வரும்?"

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. சேலத்துப் பேராசிரியர் அந்த ஓசையில்தான் விழித்தார். விழித்தவுடன் அவரும் தட்டினார்.

முந்நூறுக்கு மேல் மெய்வாசிப்பு விழுந்தது. கட்டுரை பிழைத்தது, ஆய்வுக்கூடம் பிழைத்தது. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். "மெய்யலை பற்றிய பரிதிவேந்தனின் கண்டுபிடிப்பைச் சுபாஷிணியும் விரிவாக ஆராய்ந்துள்ளார்" என்று எழுதினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு மருத்துவமனைகளுக்கும் பட்டை வந்தது. நோயாளியின் கோப்பை மருத்துவர் படித்தாரா என்று இனி பட்டைதான் சொல்லும். அரசாணையின் அடிக்குறிப்பில் ஆதாரமாக இரண்டு கட்டுரைகள். ஒன்று பரிதிவேந்தனுடையது. மற்றது சுபாஷிணியுடையது.

சுபாஷிணி ஆணையத்துக்கு எழுதினார். பதில் மரியாதையாக வந்தது: தங்கள் ஆட்சேபத்துக்குத் தங்கள் கட்டுரையே எதிராக இருக்கிறது, அதை முந்நூறு அறிஞர்கள் படித்துப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் படித்தீர்களா என்று திரும்பக் கேட்டார். படித்தோம், சான்று இணைப்பில் என்றார்கள். இணைப்பில் ஆணைய உறுப்பினர்களின் ஒன்பது பச்சைச் சான்றுகள் இருந்தன. மருத்துவமனைகளில் மருத்துவர்கள் கோப்புகளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கத் தொடங்கினார்கள். புறநோயாளிகள் அதற்குத் தகுந்தாற்போல் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அதோடு மொய்யைத் திருப்ப வேண்டியிருந்தது. முந்நூறு பேர் படித்தார்கள் என்றால் முந்நூறு பேரைப் படிக்க வேண்டும். போகாமல் இருந்தால், கல்யாணத்துக்கு வந்து வெறுங்கையோடு போனவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஞாயிறுதோறும் ஏதோ ஓர் ஊரில் சுபாஷிணி இலையின் முன் உட்கார்ந்தார். தொடக்கத்தில் உண்மையாகவே படிக்க முயன்றார். சிவப்பு விழுந்தது. விருந்து கொடுத்தவர்கள் முகம் வாடியது. ஒரு மதுரைக்காரர், "எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கலையாம்மா?" என்று கண் கலங்கினார். அதற்குப் பிறகு சுபாஷிணி இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டார். கண்ணைத் திறந்தபடி இருப்பதற்கு அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று.

அப்படியிருக்கும்போதுதான் ஜெசிமா அழைத்தார்.

"சுபா, ஒரு சமன்பாடு வந்திருக்குடி. பட்டையில வர்ற அலையிலேருந்து சாப்பாட்டு மயக்கத்தைக் கழிச்சுட்டா மிச்சம் நிக்கறதுதான் உண்மையான படிப்பு. பட்டையை மாத்த வேணாம், உள்ள ஒரே ஒரு வரியை மாத்தினாப் போதும். நூறு வாசிப்பு வந்துட்டா ஆணையம் தானா எல்லாப் பட்டையிலயும் ஏத்தியாகணும், விதி இருக்கு. நேத்து விருந்து வச்சேன்."

"நீயா?"

"நானேதான். எங்க பெரியம்மா மகன் வந்து நெய்ச்சோறு ஆக்கினான். ஒரு ஆள் குறையுது."

"நான் வர்றேன்."

"இரு. நீ எண்ணிக்கைக்கு வராத. நூறாவது ஆளை நான் எங்கயாவது புடிச்சுக்கறேன். நீ பசியோட வந்து படி. இத ஒருத்தராவது படிச்சே ஆகணும். அஞ்சாம் பக்கத்துல கழிக்கற எடம் இருக்கு பாரு, அங்க ஒரு குறி மாறினாலும் கதை தலைகீழாயிடும். தூங்கறவன்தான் படிச்சவன்னு மறுபடியும் ஆயிடும். அதுவும் இந்தத் தடவை ஆஸ்பத்திரி வரைக்கும். நான் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு மழுங்கிப் போச்சு. உன்னைத் தவிர யாரைடி நம்பறது?"

பட்டையைத் திருத்தச் சொல்லும் கட்டுரைக்கு மூன்று ஆண்டு இல்லை, மூன்று மாதம்தான்; அந்தக் கெடு மறுநாள் முடிகிறது. ஒரே நாளில் நூறாவது ஆள் எங்கே கிடைப்பான்? சுபாஷிணிக்கு அந்த உலகம் நன்றாகத் தெரியும். விருந்து முடிந்த மறுநாள் யாரும் வரமாட்டார்கள். தன் பட்டை சிவப்பானால் கட்டுரை அழியும். அழிந்தபின் ஐந்தாம் பக்கம் சரியாக இருந்தால் என்ன, தப்பாக இருந்தால் என்ன? கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுக் கவனமாகப் படித்தால் இரண்டும் நடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காரைக்காலுக்குள் நுழையும் இடத்தில் ஓர் ஓட்டலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கொஞ்சமாகத்தான் கேட்டார். ஓட்டல்காரர் கொஞ்சமாக வைக்கத் தெரியாத மனிதர்.

ஜெசிமாவின் அறை சின்னது. மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நூறாவது ஆள் கிடைத்திருக்கவில்லை; எதற்கும் இருக்கட்டும் என்று ஜெசிமாவே அவர் நெற்றியில் பட்டையைக் கட்டிவிட்டு, எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பக்கம் நன்றாக இருந்தது. சுபாஷிணிக்கு அது நினைவிருக்கிறது.

கடைசிப் பக்கம் புரண்டபோது நெற்றியிலிருந்து பச்சை வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. ஜெசிமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?"

"இல்லடி."

"பச்சை எரியுதே."

"நீ எழுதினதாச்சே. எனக்கு அப்படித்தான் எரியும்."

நம்புவதா வேண்டாமா என்று ஜெசிமா எடைபோடுவது முகத்தில் தெரிந்தது. பச்சை என்றால் நூறு. நூறு என்றால் நாளைக் காலை எல்லாப் பட்டையிலும் அந்த வரி ஏறிவிடும். அவர் நம்புவது என்று முடிவெடுத்தார்.

"அஞ்சாம் பக்கம்?"

"பார்த்தேன்" என்றார் சுபாஷிணி. "சரியா இருக்கு."

ஜெசிமா எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் நூறாவது மெய்வாசிப்பு ஆணையத்தில் பதிவாயிற்று.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தது.